இடைவேளையில் எழுந்து வராதவர்

துக்கம் கொண்டாடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. செத்தவருக்காக அழுகிறவர்கள் முதல் வகை. பாவம், அவர்களை விட்டுவிடுவோம். இரண்டாம் வகையினர், இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவரின் கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட மனுஷன்! இனிமே இப்படி ஒருத்தர் பொறக்கணுமே!" என்று விம்முவார்கள். "கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்று நோயாளி கேட்டால் மட்டும் அது அவர்கள் காதில் விழாது. அமெரிக்காவில் எங்கள் ஒஹாயோ மாநிலத்தில் இந்த இரண்டாம் வகை ஏராளம். கோடை வந்துவிட்டால், காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கிற டிரைவ்-இன் கொட்டகைகளில் இவர்களைக் கூட்டங்கூட்டமாகப் பார்க்கலாம். தங்களை 'டிரைவ்-இன் அபிமானிகள்' என்று சொல்லிக்கொள்வார்கள். நான் வைத்திருக்கிற பெயர் வேறு. அதை இங்கே எழுதினால் என் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிடுவார்.

அபிமானியை அடையாளம் காண்பது சுலபம். எங்கோ இண்டியானாவில் எப்போதோ மூடிப்போன ஒரு கொட்டகையின் பெயர் போட்ட பனியனை மாட்டியிருப்பார். அந்தக் கொட்டகைக்கு அவர் போனதே இல்லை. பேச ஆரம்பித்த மறுநிமிஷம், சின்ன வயதில் டிக்கெட் வாங்காமல் கார் டிக்கிக்குள் ஒளிந்து உள்ளே போன கதையைச் சொல்வார். எங்கள் ஊரில் இந்தக் கதையைச் சொல்லாத ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. இவர்கள் சொல்வதெல்லாம் உண்மையென்றால், அந்தக் காலத்தில் ஒருவர்கூடக் கார் கதவைத் திறந்து ஏறியிருக்க முடியாது. அதிலும் விசேஷம் என்னவென்றால், கொட்டகை முதலாளியிடமே போய் இதைச் சொல்லி, தோளில் தட்டிச் சிரிப்பார்கள். முதலாளியும் சிரிக்க வேண்டும்.

சரி, அன்றைக்கு என்ன படம் பார்த்தீர்கள் என்று கேட்டுப்பாருங்கள். விழிப்பார். படமா முக்கியம்? அவர் மனதில் நிற்பது இடைவேளை விளம்பரம்தான். கால் முளைத்த பாப்கார்ன் பொட்டலம் அணிவகுத்து நடக்கும், குளிர்பானக் கோப்பை கண்ணை உருட்டும், ஹாட் டாக் என்கிற இறைச்சிக் குழல் ஒன்று குட்டிக்கரணம் அடித்து ரொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், மூலையில் ஒரு கடிகாரம் படம் தொடங்க இன்னும் எத்தனை நிமிஷம் என்று காட்டிக்கொண்டே இருக்கும், நடுவே ஒரு குழைவான குரல், "வாங்க, நம்ம தின்பண்டக் கவுண்டருக்கு வாங்க, சூடா சாப்பிடுங்க" என்று கூப்பிடும். இதில் ஒரு காட்சி விடாமல் அவருக்கு மனப்பாடம். அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதை மட்டும் இத்தனை வருஷத்தில் அவர் யோசித்ததே கிடையாது.

என் பக்கத்து வீட்டு வெண்டல் ஹேவர்கேம்ப் இந்த இனத்தின் திலகம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தம் வீட்டு நிலவறையை ஒரு குட்டி டிரைவ்-இன் ஆகவே மாற்றிவைத்திருக்கிறார்: பழைய காரின் பின்சீட்டுதான் சோபா, சுவரெங்கும் அந்தக் காலத்தில் ஒவ்வொரு காருக்கும் பக்கத்துக் கம்பத்தில் மாட்டிவைத்த ஒலிபெருக்கிகள், மூலையில் சிவப்பு வண்டிபோல ஒரு பாப்கார்ன் இயந்திரம். அந்த இயந்திரத்தை அவர் ஒருநாளும் ஓட்டியதில்லை. எண்ணெய்க் கறை படிந்துவிடுமாம். யார் விருந்துக்கு வந்தாலும் கீழே கூட்டிப்போய் அந்த விளம்பரத்தைப் போட்டுக்காட்டுவார். சாப்பாடு அதற்கப்புறம்தான்.

எங்கள் ஊர் எல்லையில் 'ட்வின் எல்ம்ஸ்' என்று உண்மையாகவே ஒரு டிரைவ்-இன் இருந்தது. பெயரில் உள்ள இரண்டு எல்ம் மரங்களும் பட்டுப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. நடத்தியவர் டோலரஸ் கூச்தா. கணவர் போனபிறகு டிக்கெட் கிழிப்பதிலிருந்து புல் வெட்டுவதுவரை எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தவர். இடைவேளையில் கவுண்டருக்குப் பின்னால் இடுக்கியும் கையுமாக நிற்பதும் அந்த அம்மாள்தான்.

சனிக்கிழமை தவறாமல் வெண்டல் போவார். நானும் அவர் கார் பக்கத்திலேயே நிறுத்துவேன். காரைப் பின்பக்கமாகத் திருப்பி, டிக்கியைத் திறந்து, மடக்கு நாற்காலி இரண்டைப் போட்டு, கம்பளி விரித்து, கொசுவுக்கு வாசனை மெழுகுவத்தி ஏற்றி, கடைசியாக ஒரு பிரம்மாண்டமான ஐஸ் பெட்டியை இறக்குவார். உள்ளே என்ன இருக்காது? நெடுஞ்சாலைக் கடையில் வாங்கிய வாளி நிறைய வறுத்த கோழி, மனைவி மார்லீன் செய்த உருளைக்கிழங்கு சாலட், மொத்தக் கடையில் தள்ளுபடியில் வாங்கிய குளிர்பானம், ஒரு சிறிய கல்யாணத்துக்குப் போதுமான பிஸ்கட்.

இடைவேளை வரும். விளம்பரம் ஓடும். எல்லாக் காரும் ஹாரன் அடிக்கும், விளக்கை அணைத்து அணைத்துப் போடும். வெண்டல் எழுந்து நிற்பார். தேசிய கீதத்துக்குக்கூட அவர் அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை. ஹாட் டாக் குட்டிக்கரணம் அடிக்கும்போது அவர் கண் கலங்கும். 'கவுண்டருக்கு வாங்க' என்று குரல் கூப்பிடும்.

"கேட்டியா அந்தக் குரலை?" என்பார் என்னிடம். "இப்பெல்லாம் எவன் இப்படி அன்பாக் கூப்பிடறான்?"

சொல்லிவிட்டு உட்கார்ந்து கோழிக்காலைக் கடிப்பார்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "அன்பாக் கூப்பிடுதே, போய் ஆளுக்கொரு ஹாட் டாக் வாங்கிட்டு வருவமா?"

அவருடைய ஒரு சிறுநீரகத்தை விற்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "அங்கயா? அங்க விக்கிற விலை தெரியுமா உனக்கு? அதோட ஒரே உப்பு."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. போன கோடையில் ஒரு சனிக்கிழமை, படம் தொடங்குவதற்கு முன்னால், எல்லாக் கார் ரேடியோவிலும் படத்தின் ஒலிக்குப் பதிலாக டோலரஸின் குரல் வந்தது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. ஒளிச்சு மறைக்க ஒண்ணுமில்ல. டிக்கெட் காசுல பெரும்பங்கு படக் கம்பெனிக்குப் போயிடுது. உண்மையச் சொல்லணும்னா நான் படம் காட்டல, ஹாட் டாக் விக்கிறேன். படம் சும்மா கூட்டம் சேர்க்கத்தான். சாமான் போட்டு வைக்க வாடகைக்கு விடற கிடங்கு கட்டணும்னு ஒரு கம்பெனிக்காரன் இந்த நெலத்தைக் கேட்டு நடையா நடக்கிறான். இந்தக் கோடையில கவுண்டர் தேறலைன்னா கையெழுத்துப் போட்டுருவேன். அவ்வளவுதான். படம் பாருங்க."

அடேயப்பா, என்ன ஹாரன் சத்தம்! ஆதரவாம். மெழுகுவத்திகளெல்லாம் நடுங்கின. வெண்டல் மூக்கைச் சிந்தி, "இந்த இடம் போகக் கூடாது, போகவே கூடாது" என்றார். இடைவேளை வந்தது. ஹாட் டாக் குதித்தது. ஐஸ் பெட்டிகள் திறந்தன.

அடுத்த சனிக்கிழமை இடைவேளையில் விளம்பரம் வரவில்லை. வெள்ளைத் திரை சும்மா நின்றது. முதலில் முணுமுணுப்பு, பிறகு கோபமான ஹாரன், அப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. வெண்டல் ஹேவர்கேம்ப் எழுந்து, கவுண்டரை நோக்கி விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். இதைத் தவறவிட முடியுமா?

"டோலரஸ்! எங்க அது?"

"எது?"

"விளம்பரம்! ஹாட் டாக் குதிக்குமே!"

"ஓ, அதுவா. எடுத்துட்டேன்." அந்த அம்மாள் துணியால் கவுண்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சாப்பிட வாங்கன்னு கூப்பிடத்தானே அது? வருஷக்கணக்காக் கூப்பிட்டுப் பாத்தேன். ஒருத்தரும் வரல. எதுக்கு வீணாத் தொண்டை கிழியணும்?"

"அது எங்க சின்ன வயசு, டோலரஸ்! அதை எடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"ஹாட் டாக் வேணுமா வெண்டல்?"

"ஹாட் டாக் வேணாம். ஹாட் டாக் படம் வேணும்!"

டோலரஸ் துடைப்பதை நிறுத்தினார். "நிஜ ஹாட் டாக்கு இங்க சாயங்காலத்துலேருந்து சூடு உருளையில சுத்திக்கிட்டே கெடக்கு, பாரு. அதுவும் பாவம், குட்டிக்கரணம் அடிக்காத குறைதான். உன் கண்ணுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. அபிமானியின் கண்ணுக்குத் திரையில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

மறுவாரமே வெண்டல் வீட்டு நிலவறையில் 'ட்வின் எல்ம்ஸ் மீட்புக் குழு' பிறந்தது. தலைவர் வெண்டல். பனியன் அச்சடிப்பதா, தொப்பி அச்சடிப்பதா என்பதில் சண்டை வந்து, இரண்டும் அச்சடிப்பதாகத் தீர்மானம் ஆயிற்று. உள்ளூர் டிவிக்குச் சொல்லியனுப்பத் தீர்மானம். விளம்பரத்தைத் திரும்பப் போடச் சொல்லி டோலரஸைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானம், ஏகமனதாக. நான் மெல்லக் கையைத் தூக்கி, "சனிக்கிழமை ஆளுக்கொரு பாப்கார்ன் வாங்கினா என்ன?" என்றேன்.

குழுவின் பொருளாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது பிரச்சினையோட வேரைத் தொடாதுங்க" என்றார்.

"நான் வேணா இந்த உருளைக்கிழங்கு சாலட் பண்றதை நிறுத்தட்டுமா?" என்றார் மார்லீன் படிக்கட்டிலிருந்து. அந்த வீட்டில் புத்தியுள்ள ஒரே ஜீவன்.

"மார்லீன், இது கொள்கை விஷயம். நீ குறுக்க வராத."

டோலரஸ் கடைசியாக ஒருமுறை நம்பிப் பார்த்தார். மனுஷப்பிறவி அல்லவா? விளம்பரம் திரும்ப வருகிறது என்று வாசல் பலகையில் எழுத்து ஏறியது. டிவி வந்தது. வெண்டல் கேமரா முன்னால் கண் கலங்கினார். அந்தச் சனிக்கிழமை கார் வரிசை நெடுஞ்சாலைவரை நீண்டது. கூட்டத்தைப் பார்த்துவிட்டு டோலரஸ் மூட்டை மூட்டையாக ரொட்டி இறக்கினார், தங்கை பெண்களை உதவிக்கு வரவழைத்தார், எல்லா உருளைகளும் சுற்றின, பாப்கார்ன் கண்ணாடிப் பெட்டி மேல்வரை நிரம்பியது. எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது. காரை விட்டு இறங்கிப்போய்க் கவுண்டர் ஓரமாக நின்றுகொண்டேன்.

இடைவேளை. ஹாட் டாக் குதித்தது. ஜனங்கள் கார் கூரைமேல் ஏறி நின்று போனில் படம் பிடித்தார்கள். தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். 'மறுபடி! மறுபடி!' என்று கத்தவே இரண்டாம் முறையும் போட்டார்கள். பிறகு வரிசை வந்தது, நீளமான வரிசை. கழிவறைக்கு. கவுண்டரைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும், தாண்டித்தான் போனார்கள். போகிற போக்கில், "பிரமாதம் டோலரஸ்!" "அழுதுட்டேன் டோலரஸ்!" என்று சொல்லிக்கொண்டே போனார்கள். டோலரஸ் இடுக்கியைப் பிடித்தபடி ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். நான் வாங்கிய இரண்டு ஹாட் டாக்கையும் மென்றுகொண்டு, மூன்றாவதைக் கேட்கலாமா என்று வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றேன். ஒரு கொட்டகையைக் காப்பாற்றும் அளவுக்கு என் வயிறு பெரிதல்ல.

அப்போது வெண்டல் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. நேராகக் கவுண்டரில் கை ஊன்றினார். தங்கை பெண் ஒருத்தி அவசரமாக ஒரு ரொட்டியைப் பிளந்தாள்.

"பாத்தியா டோலரஸ், பாத்தியா? ஜனங்களுக்கு இந்த இடத்து மேல எவ்வளவு பிரியம்!" என்றார். "சரி, ரெண்டு கெச்சப் பாக்கெட் குடேன். மார்லீன் எடுத்து வைக்க மறந்துட்டா."

டோலரஸ் இடுக்கியைக் கீழே வைத்தார். கெச்சப் பாக்கெட்டுகளை எடுத்துக் கொடுத்தார். காகிதக் கைக்குட்டைகூடச் சேர்த்துக் கொடுத்தார். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வெண்டல் இடிந்து போயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அந்த மனுஷனை அவ்வளவு பொலிவாக நான் பார்த்ததே இல்லை. வாசலில் மெழுகுவத்தி ஊர்வலம் நடத்தினார். உள்ளூர்ப் பத்திரிகைக்கு இரங்கல் எழுதினார், அதில் 'பேராசை பிடித்த காலம்' என்று ஒரு வரி. ஏலத்தில் ஒலிபெருக்கிக் கம்பம், வாசல் பலகை எழுத்துகள், கடைசியில் அந்த ஹாட் டாக் உருளையையும் வாங்கினார். அவர் டோலரஸின் கவுண்டரிலிருந்து காசு கொடுத்து வாங்கிய முதல் சாமான் அதுதான். உயிரோடு இருந்தவரையில் ட்வின் எல்ம்ஸ் அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது எதுவும் கேட்காது. நிம்மதியாக நேசிக்கலாம்.

டோலரஸ் இப்போது ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறார். "பரவால்ல, மணி அடிச்சா எழுந்து வர்றாங்க" என்றார், கடையில் பார்த்தபோது.

நிலத்தில் வரிசை வரிசையாகத் தகரக் கதவு போட்ட கிடங்கு அறைகள் எழுந்துவிட்டன. முதல் வாடகைதாரர் யார் என்று நினைக்கிறீர்கள்? நிலவறையில் இடம் போதவில்லையாம் வெண்டலுக்கு. திரை நின்ற இடத்திலேயே ஓர் அறை எடுத்து, ஒலிபெருக்கி, எழுத்து, உருளை எல்லாவற்றையும் உள்ளே அடுக்கிப் பூட்டிவிட்டார். மாதாமாதம் முணுமுணுக்காமல் வாடகை கட்டுகிறார். "கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?" என்று கேட்டேன். "ஞாபகங்களுக்கு விலை பாக்க முடியுமாப்பா?" என்றார்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே வந்தீர்கள், நல்லது. நம் பக்கத்தில் டிரைவ்-இன் ஏது, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் நினைத்திருப்பீர்கள். இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்போது உங்கள் கையில் இருக்கிற இந்தப் புத்தகம், நீங்கள் வாங்கியதுதானே? இரவல் இல்லையே? அட, முகத்தைத் திருப்பாதீர்கள், சும்மாதான் கேட்டேன். இதைப் போடுகிறவர்கள் கடையைக் கட்டுகிற அன்றைக்கு, நீங்கள் எவ்வளவு உருக்கமாக வருத்தப்படுவீர்கள் என்பது எனக்கு இப்போதே தெரிகிறது.