மேலிருந்து வந்தால் என் செலவு

கடையை வாடகைக்கு விடுகிறவர்களில் வானத்தைத் தன் பொறுப்பில் எழுதி வைத்துக்கொண்டவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஜொகூர் மாநிலத்தில், எங்கள் பொந்தியானில் இருந்தார்.

கடலோரத்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட நான்கு பலகைக் கடைகள் அவருக்குச் சொந்தம். ஒன்றில் அப்பா தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். அவருக்கு ஒரு முறையான பெயர் உண்டு. ஆனால் தெரு அவரை ‘மேல்கீழ் ராவுத்தர்’ என்றுதான் அழைத்தது. காரணம், அவர் எழுதிய வாடகைப் பத்திரம். யார் குற்றமும் இல்லாமல் கடைக்குச் சேதம் வந்தால், மேலிருந்து வந்தது சொந்தக்காரர் செலவு. கீழிருந்து வந்தது குடியிருப்பவர் செலவு. பக்கத்திலிருந்து வந்தது ஆளுக்குப் பாதி. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். ஆகவே நான்கு கடைக்காரர்களுக்கும் அதை உரக்க வாசித்துக் காட்டும் உத்தியோகம் சிறு வயதிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. சம்பளம் கிடையாது, மரியாதை உண்டு.

இளமையில் ராவுத்தர் சிங்கப்பூரில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்திருந்தாராம். புயல்காற்றில் கூரை பறந்தபோது, எந்தச் சேதமானாலும் வாடகைக்காரரே கட்ட வேண்டும் என்று பத்திரத்தைக் காட்டினார்களாம். இன்னொருவர் கட்டடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு ஜொகூருக்கு வந்தவர், தன் பத்திரத்தைத் தானே யோசித்து எழுதினார்.

ஒருநாள் தேங்காய் ஒன்று கூரையைத் துளைத்துக்கொண்டு, முடிவெட்டும் சாமிக்கண்ணுவின் நிலைக்கண்ணாடி மேல் விழுந்தது. ராவுத்தர் முகம் சுளிக்காமல் கண்ணாடிக்குப் பணம் கொடுத்தார். பிறகு தேங்காயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மேலிருந்து வரும் செலவு தன்னுடையது என்றால் வரவும் தன்னுடையதுதான் என்றார். அதே கடையின் தூணைக் கரையான் தின்றபோது உட்கார்ந்து மனமாரத் துக்கம் விசாரித்தார். ஒரு காசு தரவில்லை. எருமை ஒன்று பலகைச் சுவரில் தலையை விட்டு, சவரம் நடப்பதைச் சாவகாசமாகப் பார்த்தபோது மட்டும் சாமிக்கண்ணுவும் அவரும் ஆளுக்குப் பாதி போட்டுச் சுவரை அடைத்தார்கள்.

எங்கள் கடைக்கு வந்தது மலைப்பாம்பு. தரைப் பலகை இடுக்கு வழியாக வந்து, எலியைத் துரத்தித் தூணில் ஏறி, உத்தரத்திலிருந்து பலகாரக் கண்ணாடிப் பெட்டி மேல் பொத்தென்று விழுந்தது. பாம்பை அப்புறப்படுத்தும் முன்பே ராவுத்தர் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

“எங்கேருந்து வந்துச்சு மாணிக்கம்?”

“கீழேருந்துதாங்க.” அப்பாவுக்குப் பொய் வராது.

“ஏறயில எதாச்சும் ஒடஞ்சுதா?”

“இல்லீங்க.”

“விழயிலதானே ஒடஞ்சுது? அப்ப என் செலவு. பாம்பு எங்க பொறந்துச்சுன்னா நான் கேட்டேன்?”

பிறகு ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் வந்தது. நான்கு கடைகளிலும் தரைப்பலகை மிதந்து போய்விட்டது. ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஜொகூர் பாருவில் விடுதியோடு இருந்த பெண்கள் பள்ளியில் என்னைச் சேர்க்க அப்பா பணம் சேர்த்து வைத்திருந்தார். தரை போடும் செலவு அவர் தலையில் விழுந்தால் பள்ளி இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். வெள்ளம் என்பது மழை, மழை என்பது மேலிருந்து வருவது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்து, பலமுறை ஒப்பிக்கவும் வைத்தேன்.

தண்ணீர் வடிந்ததும் ராவுத்தர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். கவிழ்ந்து கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே, மழை மேலிருந்துதான் வந்தது, நாலு கடையும் தன் செலவு என்று சொல்லிவிட்டார். தென்னந்தோப்பை விற்கப்போகிறாராம். கடைகளை விட்டால் அவருக்கென்று இருந்தது அந்தத் தோப்பு ஒன்றுதான். இந்த நாலு கடை வாடகை அரிசிக்கே காணாது என்பது தெருவுக்கே தெரியும்.

சாமிக்கண்ணு திகைத்துப்போய் மலாயில் “அலாமாக்” என்று முணுமுணுத்தார். அப்பா தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஒப்பிக்க வைத்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும்.

“இல்லீங்க ராவுத்தரே. தண்ணி கீழேருந்துதான் ஏறுச்சு. நான் கட்டில்ல ஒக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன்.”

என் பள்ளிக்கூடம் என் கண் முன்னால் மிதந்து போனது.

ராவுத்தருக்குக் கோபம் வந்துவிட்டது. “மேல உள்ளது என்னுது. அதுல நீ கை வைக்காத மாணிக்கம்.”

அப்பா விடவில்லை. சாமிக்கண்ணுவும் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டு, தன் கடையிலும் கீழிருந்துதான் என்றார். செலவைத் தள்ளிவிடச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவைப் பிடுங்கிக்கொள்ள மூன்று ஆம்பளைகள் சேற்றில் நின்று கத்தியதை அன்றுதான் பார்த்தேன்.

அம்மா அதுவரை அடுப்படித் தட்டிக்குப் பின்னால் இருந்தாள். அங்கிருந்தபடியே அப்பாவிடம் பேசினாள்.

“கடலு பக்கத்துலதானே இருக்கு. வந்தது மழத்தண்ணியா கடத்தண்ணியான்னு அவங்கள வாயில வச்சுப் பாக்கச் சொல்லுங்க. அண்டாவுல பிடிச்சு வச்சிருக்கேன்.”

தட்டிக்கு மேலாக ஒரு சிரட்டை நீண்டது. உள்ளே கலங்கல் தண்ணீர். அடுப்படிக்குள் நான் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் வலது கையில் கல்லுப்பு ஒட்டியிருந்தது.

ராவுத்தர் ஒரு வாய் குடித்தார். அவர் முகம் கோணியது. தட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இம்புட்டு உப்பு கடல்லகூட இருக்காதேம்மா” என்றார்.

அப்பா சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். ராவுத்தர் மிச்சத்தையும் ஒரே மூச்சில் குடித்து முடித்து, சிரட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

“சரி. கடல்தான். பக்கத்துலேருந்துதான் வந்துருக்கு. ஆளுக்குப் பாதி.”

பாதித் தோப்பு தப்பியது. அப்பாவிடம் இருந்த பணம் தரைக்குப் பாதியும் எனக்கு மீதியுமாகப் போதுமானதாக இருந்தது. அடுத்த மாதமே நான் ஜொகூர் பாருவுக்குப் பெட்டி கட்டினேன்.

ராவுத்தருக்கு மட்டும் வயிறு கெட்டுச் சில நாள் படுக்கை. அம்மா தினமும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனுப்பினாள், உப்பே போடாமல்.