டீச்சரின் மஞ்சள் பைகள்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஈவாஞ்சலின் டீச்சர் கையிலிருந்த இரண்டு பைகளையும் முந்தானைக்குள் இழுத்து மூடப் பார்த்தாள். முடியவில்லை. தூத்துக்குடி தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டின் பைகள் அவை. கண்ணைப் பறிக்கும் மஞ்சள்.

வீட்டுக்குப் போக ஒரே தெருதான். தெரு முனையிலேயே சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியின் மளிகைக் கடை. டீச்சர் கணவருக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, வண்டிய எடுத்துட்டு வாங்களேன்."

"பஞ்சர்னு காலையிலயே சொன்னேன்லா," என்றார் ஜாபேஸ். "ஏன் இப்படிப் பயப்படுத? களவாண்டா கொண்டு வார?"

"அண்ணாச்சி பாத்தா மனசு சங்கடப்படுவாருங்க."

"அப்ப உப்பளத்து வரப்பு வழியா சுத்தி வா."

ஜாபேஸுக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலுக்கு வழி சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வரப்பில் பாதி தூரம் போனதும் ஒரு செருப்பு சேற்றோடு நின்றுகொண்டது. அதைப் பிடுங்கக் குனிந்தபோது ஒரு பையின் காது அறுந்தது. அறுந்த பையைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் வரப்பு எங்கே போய் முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அண்ணாச்சி கடையின் பின்வாசலில் போய் முடிந்தது. அண்ணாச்சியின் மனைவி வடிவம்மாள் அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ன டீச்சர், இந்தப் பக்கமா வாரீங்க? கையில என்ன?"

"பரீட்சைப் பேப்பர்."

"சோப்பு வாசனை அடிக்கே."

"பிள்ளைங்க சுத்தமா எழுதியிருக்காங்க," என்றாள் டீச்சர்.

வடிவம்மாளின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "உங்க அண்ணாச்சி சரக்கெடுக்கப் போயிருக்காவ. உங்களுக்கு ஏதும் வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தாள். "ரெண்டு கிலோ துவரம்பருப்பு" என்று வந்தது.

"போன சனிக்கிழமையும் ரெண்டு கிலோ வாங்குனீங்களே."

"விருந்தாளு வாராங்க."

வீட்டுக்குள் நுழைந்தபோது அவளிடம் இரண்டு மஞ்சள் பைகளும், ஒரு பருப்புப் பொட்டலமும், ஒரு பொய்யும் இருந்தன. ஜாபேஸ் அடுக்களை அலமாரியைத் திறந்து காட்டினார். பருப்புக்குப் பின்னால் பருப்பு இருந்தது.

"ஏளா, அங்க தள்ளுபடியில வாங்குத. வாங்குன பாவத்துக்கு இங்கயும் வாங்குத. இதுல நமக்கு என்ன மிச்சம்?"

டீச்சர் புதுப் பொட்டலத்தையும் அலமாரிக்குள் தள்ளினாள். வெள்ளம் வந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, பெரிய அலுமினியச் சட்டியைப் படகு மாதிரி தள்ளிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். சட்டிக்குள் அரிசி, பால் பவுடர், மெழுகுவர்த்தி. "டீச்சர் வீட்டுல சின்ன வெளிச்சமாவது வேணும்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார். அன்று அவருடைய கடைக்குள் பாதிச் சரக்கு ஊறிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. கடன் என்றால் அடைத்துவிடலாம். இதை என்ன செய்வது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. தெருவில் எல்லாரும் டவுன் கடைக்கும் போன் ஆர்டருக்கும் மாறிவிட்டார்கள். அண்ணாச்சியின் அலமாரிகளில் நாளுக்கு நாள் வெற்றிடம் கூடிவந்தது. தானும் கைவிட்டால் அந்தக் கடை படுத்துவிடும் என்று டீச்சர் உறுதியாக நம்பினாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிற வழியில் வழக்கம்போலக் கடையில் நின்றாள். அன்றைய போணி அவள் கையால்தான் நடக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் ஏற்பாடு. முதல் வியாபாரத்துக்கு டீச்சர் கை ராசியான கை என்பார். அவள் வரும்வரை வேறு யாருக்கும் ஒரு தீப்பெட்டிகூடக் கொடுப்பதில்லை. வேறு யாரும் வருவதுமில்லை.

"விருந்தாளு வாராங்களாமே டீச்சர். மெல்வின் தம்பிக்குப் பொண்ணு விஷயமா?"

பெங்களூரில் வேலை பார்க்கும் மகனின் பெயரைக் கேட்டதும் டீச்சருக்குத் தலை தானாக ஆடியது. எந்தப் பக்கம் ஆடியது என்று அவளுக்கே தெரியவில்லை. அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது.

"நல்ல சேதி சொன்னீங்க. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு இனிப்பு நம்ம கடையில இருந்துதான் போவணும்." மேல்தட்டிலிருந்து ஓர் ஓலைப்பெட்டி நிறைய உடன்குடி கருப்பட்டியை இறக்கினார். துட்டு வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொண்டார். போணியை இலவசமாக நடத்தக்கூடாதே என்று பதறி, டீச்சர் மேலும் ஒரு கிலோ துவரம்பருப்பு வாங்கினாள்.

சாயங்காலத்துக்குள் சேதி சர்ச் வரை போய், பொண்ணு பேரு என்ன என்று பாஸ்டரம்மாவே கேட்டுவிட்டார்கள். ராத்திரி மெல்வின் கூப்பிட்டான்.

"அம்மா, எனக்குப் பொண்ணு பாத்தாச்சாமே. நானும் வரணுமா, இல்ல நீங்களே முடிச்சிருவீங்களா?"

"அது பருப்பு வாங்கப் போன இடத்துல வந்த பேச்சுப்பா."

"பருப்பு வாங்குனா பொண்ணா?" என்றான் அவன்.

ஜாபேஸ் அன்றிரவு கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு கடையில ஒண்ண விடு."

எதை என்று அவர் சொல்லவில்லை. டீச்சர் படுக்கையில் கிடந்து யோசித்தாள். சூப்பர் மார்க்கெட்டிலும் அவளுக்குக் குறை ஒன்றுமில்லை. பில் போடும் ஜெப்ஸி அவளிடம் நாலாங்கிளாஸ் படித்த பிள்ளை. டீச்சர் எடுத்துவைக்கும் பாக்கெட்டை நகர்த்திவிட்டு, "இது பழசு டீச்சர், இத எடுத்துக்கோங்க" என்று மேசைக்கடியிலிருந்து புதுச் சரக்கைத் தருவாள். அந்த அன்பையும் விடத்தான் வேண்டும். ஆனால் ஜெப்ஸிக்குச் சம்பளம் உண்டு. அண்ணாச்சிக்கு யார் இருக்கிறார்கள்?

அடுத்த சனிக்கிழமை, பிரிக்காத சூப்பர் மார்க்கெட் பருப்புப் பாக்கெட்டுகளையெல்லாம் மஞ்சள் பைகளில் அடைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனாள். திரும்ப வரும்போது கை காலியாக, தலை நிமிர்ந்து, அண்ணாச்சி கடை முன்வாசல் வழியாக நடக்க வேண்டும் என்று நினைத்தபோதே மனசு லேசானது. அண்ணாச்சியிடம் கல்யாணப் பேச்சையும் சேர்த்து உண்மையைச் சொல்லிவிடலாம்.

"இதெல்லாம் திருப்பி எடுத்துக்கம்மா. இந்த மெம்பர் கார்டையும் வச்சுக்க. நான் இனிமே வரமாட்டேன்."

ஜெப்ஸி திகைத்தாள். "எங்க பருப்பு நல்லா இல்லையா டீச்சர்?"

"பருப்பு நல்லாத்தான் இருக்கு. எங்க ஊருல ஒரு அண்ணாச்சி கடை வச்சிருக்காரு. பாவம், என் ஒருத்திய நம்பித்தான் அந்தக் கடையே ஓடுது. வாரா வாரம் அவருக்குத் தெரியாம இங்கன வந்து போறது எனக்குத் துரோகம் மாதிரி இருக்கு."

ஜெப்ஸி கோடவுன் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "திருப்பி எடுக்கணும்னா மளிகை சூப்பர்வைசர் கையெழுத்துப் போடணும் டீச்சர்," என்றவள், மைக்கை எடுத்து அவரை பில் கவுண்டருக்கு வரச் சொன்னாள்.

யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். கோடவுன் வாசலில் தொங்கிய பிளாஸ்டிக் திரைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. அவை கொஞ்சம் முன்னால் வந்தன. பிறகு பின்னால் போயின.

"அங்கனதான் நிக்காரு போல. நானே போய்க் கேக்கேன்," என்று டீச்சர் பையைத் தூக்கினாள்.

ஜெப்ஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர், அவரு வரமாட்டாரு. ‘நான் இங்க சம்பளத்துக்கு இருக்கது தெரிஞ்சா டீச்சர் மனசு தாங்காது, அவங்க ஒருத்தங்களுக்காகத்தான் ஊருல கடையவே இன்னும் திறந்து வச்சிருக்கேன்’னு சொல்லி, நீங்க வார சனிக்கிழமையெல்லாம் உங்க அண்ணாச்சி அந்தத் திரைக்குப் பின்னாடிதான் நிப்பாரு."