அரிசோனா விதவையின் கார்

செல்கர்க், மனிடோபா
மார்ச் மாதம், ஆறு இன்னும் உறைந்தே கிடக்கிறது

மதிப்புக்குரிய அத்தான் வசில் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் தம்பி நெஸ்டர் எழுதிக்கொள்வது. நானும் லெஸ்யாவும் சுகம். நீங்களும் ஸ்டெஃபா அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறோம். இரண்டு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாததால் நினைக்க மட்டும்தான் முடிகிறது.

இந்தக் கடிதம் அந்தப் புனலைப் பற்றியது அல்ல. குடலுக்குள் பூண்டு போட்ட கோபாசா இறைச்சியை அடைப்பதற்காக உங்கள் அப்பா உக்ரைனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பித்தளைப் புனலை நான் எடுக்கவில்லை என்று அப்போதே சொல்லிவிட்டேன். சர்ச் ஹாலில் எல்லோரும் கூடி ஈஸ்டருக்குக் கோபாசா அடைத்த அன்று, கடைசியாக அதைக் கழுவியவன் நான்தான். கழுவி, துடைத்து, உங்கள் கையிலேயே கொடுத்தேன். கழுவிக் கொடுத்தவனை ஊர் முன்னால் திருடன் என்று சொன்னீர்கள். அதை விடுங்கள். இது காரைப் பற்றிய கடிதம்.

அக்கா இல்லாமல் இரண்டு ஈஸ்டர் போய்விட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. இந்தத் தடவை நாமே டாஃபினுக்கு, அக்கா வீட்டு வாசலில் போய் நிற்போம், அத்தான் என்ன சொல்லிவிடுவார் என்றாள் லெஸ்யா. என் பழைய பிக்கப் அவ்வளவு தூரம் வராது. வந்தாலும், அதில் வந்து இறங்கினால் கெஞ்ச வந்தது போல இருக்கும். நல்ல காரில் வந்து இறங்கினால் சும்மா அந்தப் பக்கம் வந்தது போல இருக்கும். ஆகவே கார் வாங்கத் தீர்மானித்தேன். அந்த வருஷம் நீங்கள் உங்கள் பச்சைக் காரை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, சும்மா கொடுத்தாலும் அந்தத் தகர டப்பா வேண்டாம் என்று நான் சொன்னதும், நீங்கள் கோபித்துக்கொண்டு ஈஸ்டர் முடிந்த கையோடு அதை வின்னிபெக் வியாபாரி ஒருவனிடம் தள்ளிவிட்டதும் நமக்குத் தெரிந்த கதை. அதே ரகக் காரை ஒரு விவரமுள்ள ஆள் எப்படி வாங்குவான் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

எல்லை தாண்டி அமெரிக்காவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் போனோம். அங்கே டுவேன் என்று ஒரு கார் வியாபாரி. பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி வாத்தியார் மாதிரி இருந்தான். புதுப் பெயின்ட் மினுமினுக்க ஒரு வெள்ளைக் கார் நின்றது.

"இது அரிசோனா வண்டி பெரியவரே. ஒரு விதவை அம்மாவோடது. சர்ச்சுக்குப் போக மட்டும்தான் எடுப்பாங்க."

"பனியில ஓடலையே? துரு ஏறியிருக்காதே?"

"பனின்னா என்னன்னே இந்த வண்டிக்குத் தெரியாது."

நான் சுற்றி வந்து பார்த்தேன். முன்பக்கம் இன்ஜினைச் சூடாக்கும் வயர் தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி அந்த வயரைச் சுவரில் செருகாமல் தூங்கினால் காலையில் நம் ஊரில் எந்த இன்ஜினும் வாய் திறக்காது. வயர் தொங்காத காரை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆகவே அது என் கண்ணில் வித்தியாசமாகப் படவே இல்லை. தனியாக மாட்டும் செலவு மிச்சம் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

"பாலைவனத்துல இருந்த அம்மாவுக்கு இது எதுக்குங்க?" என்றாள் லெஸ்யா.

"வயசான பொம்பளை. முன்ஜாக்கிரதையா வச்சிருப்பா. நீ பேரத்தைக் கெடுக்காத."

ஓட்டிப் பார்த்தோம். ஹீட்டரைப் போட்டதும் கார் முழுக்கப் பூண்டு வாசனை பரவியது. சத்தியமாகச் சொல்கிறேன் அத்தான், சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

"உங்க அத்தான் வாசனை அடிக்குதுங்க" என்றாள் லெஸ்யா.

"அந்த அம்மா நம்ம ஆளா இருப்பா. நல்லதுதானே."

டுவேன் சொன்ன விலையில் பாதிதான் கொடுப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். ஆச்சரியம், உடனே ஒத்துக்கொண்டான். என் பேச்சுத் திறமைக்கு முன்னால் அவன் நிற்கவில்லை என்பதே என் கருத்து.

எல்லைக்கு வந்தால் அமெரிக்க அதிகாரி காரின் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, "இதை மூணு நாள் முன்னாடியே எங்ககிட்ட காட்டியிருக்கணும் சார்" என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த மூன்று நாளும் ஒரு விடுதியில் உட்கார்ந்து, அங்கே சீஸ் மலிவாக இருக்கிறது என்று லெஸ்யா வாங்கிக் குவித்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீஸில் மிச்சம் பிடித்தது விடுதி வாடகையில் போனது. பிறகு கனடா பக்கத்துச் சாவடிக்கு வந்தோம். அங்கே ஒரு நாய். அது என் சீஸை மோந்துகூடப் பார்க்கவில்லை. காரின் பின்பக்கம் போய் டிக்கிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

"உள்ள இறைச்சி ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

"இல்லைங்க. வாசனை வண்டியோடவே வந்தது."

"வாசனைக்கு வரி இல்லை. டிக்கியைத் திறங்க."

ஸ்டெப்னி டயரைப் பிடித்திருக்கும் நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது; இரண்டு பேர் முயன்றும் அசையவில்லை. அரிசோனாவில் மழை அதிகம் போலிருக்கிறது. எக்ஸ்ரே வண்டியைக் கொண்டுவந்து படம் பிடித்தார்கள். டயருக்கு அடியில் ஏதோ உலோகம் தெரிந்தது, ஜாக்கியாக இருக்கும் என்று முடிவு செய்து என்னை விட்டுவிட்டார்கள். நாய்க்கு மட்டும் அந்த முடிவில் திருப்தியில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஊருக்கு வந்து சோதனைக்கு விட்டேன். கெய்லா என்று ஒரு மெக்கானிக் பெண். கதவைத் திறந்து ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மேப்பிள் இலை போட்டிருக்கு பாருங்க அங்கிள். இது கனடாவுக்குன்னே செஞ்ச வண்டி. நீங்க இவ்வளவு பணம் கட்டி இறக்குமதி பண்ணியிருக்கவே வேண்டாமே."

"அரிசோனாவிலேருந்து வந்ததும்மா."

"வந்திருக்கும். அதுக்கு முன்னாடி இங்கேருந்து போயிருக்கும்."

விதவை அம்மா மூட்டு வலிக்காக இங்கிருந்து தெற்கே குடிபோயிருப்பாள் என்று புரிந்துகொண்டேன். கட்டணம், வரி, விடுதி எல்லாம் கூட்டினால் விலை கொஞ்சம் ஏறித்தான் போனது, தொகையை எழுத இடம் போதாது. ஆனால் அத்தான், ஒரே ஆள் கையில் பூப்போல இருந்த வண்டி. உங்கள் பச்சை டப்பாவையும் இதையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

ஈஸ்டர் அன்று மதியம் வருவோம். கதவைத் திறப்பது உங்கள் இஷ்டம். ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தாலும் போதும். உங்கள் முதுகு வலி தணியட்டும், அக்காவின் ஈஸ்டர் ரொட்டி நன்றாக உப்பட்டும், கூடையில் வைக்கும் முட்டைகள் விரிசல் விடாமல் சர்ச்சுக்குப் போய்ச் சேரட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மைத்துனன்
நெஸ்டர்

பி.கு.: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன். தெருமுனையில் பஞ்சர். ஸ்டெப்னி நட்டைச் சுத்தியலால் அடித்து உடைத்தேன். டயரைத் தூக்கினால் அடியில் ஒரு துணி மூட்டை. துணி, அக்கா சிவப்பு நூலில் உங்கள் பெயர் தைத்த ஏப்ரன். அதற்குள் உங்கள் அப்பாவின் பித்தளைப் புனல். நான் நன்றாகத்தான் கழுவியிருக்கிறேன். ஏப்ரனைத்தான் யாரும் துவைக்கவில்லை.

கதவு ஓரத்து வெள்ளையை நகத்தால் சுரண்டினேன். பச்சை.

நடுத்தெருவில் பனியில் உட்கார்ந்துவிட்டேன். லெஸ்யா பக்கத்தில் வந்து நின்று, "இதைக் கொடுத்தா நீங்க திருடன் இல்லைன்னு ஆயிடும். ஆனா முட்டாள்னு தெரிஞ்சுடும். மறைச்சா அத்தனையும் தலைகீழ். எது வேணும் சொல்லுங்க" என்றாள். சாயங்காலம் வரை யோசித்தேன். எனக்கு அக்கா வேண்டும்.

ஆகவே புனலோடு வருகிறோம். இந்த வருஷக் கோபாசாவை அதிலேயே அடைக்கலாம், கழுவுவது நீங்கள். மேலே எழுதியதை எதையும் படிக்க வேண்டாம். கிழித்துப் போட மனசு வரவில்லை, நல்ல தாள்.

டுவேன் எனக்கு ஒரே ஒரு சாவிதான் கொடுத்தான். இன்னொன்று உங்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். எடுத்து வையுங்கள்.