சம்பந்தி கொடுத்த கால்சட்டை

மேன்மை தங்கிய சம்பந்தி ஜுமகதிர் அவர்களின் சமூகத்துக்கு,

கோச்கோரிலிருந்து கட்டிட மேஸ்திரி கல்முராத் சலாம் கூறி எழுதுவது. தங்கள் உடம்பு சுகமா? சம்பந்தியம்மாள் சுகமா? ஆடுமாடு, குதிரை எல்லாம் சுகமா? தாங்கள் பிஷ்கெக் நகரத்தில் மாடி வீட்டில் குடியிருப்பவர், அங்கே குதிரை ஏது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் ஆடுமாட்டை விசாரிக்காமல் கடிதம் தொடங்க எனக்குக் கை வரவில்லை. ஆகவே தங்கள் தையல் மெஷின்கள் சுகமா என்று கேட்டதாக வைத்துக்கொள்ளவும். இங்கே தங்கள் மகள் மைரா சுகம். என் மகன் எமில் சுகம். என் மனைவி பெர்மெத் சுகம். என்னிடம் வேலை செய்யும் ஆட்களும் சுகம்தான், இடுப்புக்கு மேலே.

போனில் சொல்லக் கூடாதா, கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். சொல்லத்தான் கூப்பிட்டேன். தாங்கள் எடுத்தவுடனே, "என்ன சம்பந்தி, நம்ம பேண்ட்டு எப்படி உழைக்குது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். என் வாய் என்னைக் கேட்காமலே "அருமை, அருமை" என்று சொல்லிவிட்டது. பிறகு மறுபடி கூப்பிட்டேன், மறுபடியும் அருமை என்றேன். நான் என்ன செய்ய? மருமகன் நூறு வருஷத்து உறவு, சம்பந்தி ஆயிரம் வருஷத்து உறவு என்று பெரியவர்கள் சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆயிரம் வருஷத்து உறவிடம் கவட்டுத் தையல் விட்டுப் போச்சு என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை தாங்கள் போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, என் ஆட்களைக் கூரை மேல் நிற்க வைத்து, தங்கள் கடை விளம்பரத்துக்குப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சம்பந்தி, இப்போதுள்ள நிலைமையில் அந்தப் படத்தை எந்தச் சுவரிலும் ஒட்ட முடியாது. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

தங்கள் நல்ல மனசைப் பற்றி எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்கு உடுப்புப் போடுவதென்றால் ஊரில் எல்லோரும் கோட்டும் சூட்டும் போடுவார்கள். போட்டுப் போட்டு எங்கள் ஊர் ஆம்பிளைகளிடம் கோட்டு குவிந்து கிடக்கிறது. பழைய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் என் ஆட்கள் சிமெண்ட் கலப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மந்திரிசபை மொத்தமும் மண்வெட்டி பிடித்து நிற்பது மாதிரி இருக்கும். தாங்கள் ஒருவர்தான் மாற்றி யோசித்து, எனக்கும் என் ஆட்களுக்கும் சேர்த்து, கட்டிட வேலைக்கென்றே தங்கள் கடையில் தைத்த நீலக் கால்சட்டைகளைப் பச்சை நாடா கட்டிச் சபையில் கொடுத்தீர்கள். "முழங்கால்ல ரெட்டைத் துணி, கவட்டுல மூணு தையல், சுத்தியல் மாட்ட இடுப்புல ஒரு காது. கிழிஞ்சா என் மீசைய எடுத்துக்கறேன் சம்பந்தி!" என்று எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அது நல்ல மீசை. அதை நினைத்தால்தான் எனக்கு ராத்தூக்கம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மருந்துக்கடை ஸைனெப் அம்மாளுக்குப் புது வீடு கட்டுகிறோம். பனி விழுவதற்குள் கூரையை முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். வேலை தொடங்கிய அன்று பெர்மெத் தன் கையாலேயே கால்சட்டைகளை எடுத்துக் கொடுத்தாள். ஆட்கள் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு அழகு. அன்று மத்தியானமே தச்சன் சமத், ஆள் கொஞ்சம் கனம், உத்தரத்தின் மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தான். 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. உத்தரம்தான் முறிகிறது என்று நினைத்துக் கீழே இருந்தவர்கள் எல்லாம் சாந்துச் சட்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினோம். ஸைனெப் அம்மாள் டீக் கெட்டிலோடு ஓடினார். தெருவில் நின்று திரும்பிப் பார்த்தால் உத்தரம் அப்படியே இருக்கிறது. சமத் மட்டும் மேலே தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அக்காவ உள்ள போகச் சொல்லுங்க மேஸ்திரி, அப்பத்தான் நான் எறங்குவேன்" என்று கத்துகிறான். அந்த அம்மாளோ, "ஏம்ப்பா, டீ ஆறிப் போயிரும், எறங்கி வாயேன்" என்று அவனையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

சரி, ஒருவனுக்கு ஆனது திருஷ்டி என்று விட்டேன். அடுத்து வெல்டர் கூபான். நெருப்புப் பொறி விழுந்தால் பருத்தித் துணி கருகும், அவ்வளவுதான். இந்தத் துணி கருகவில்லை சம்பந்தி, உருகியது. பாக்கெட் உருகித் தொடையில் ஒட்டிக்கொண்டது, அவன் தண்ணீர் டிரம்முக்குள் குதித்துவிட்டான். நல்லவேளை, பெரிய காயம் இல்லை. ஈரத்தோடு வந்தவன், அப்போதுதான் வெள்ளையடித்துக் காய்ந்திருந்த சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்தால் சுவரில் நீலமாக அவனுடைய பின்பக்கம் அச்சு விழுந்திருக்கிறது. மறுநாள் மழை, எல்லோரும் நனைந்துவிட்டு அதே சுவரோரம் ஒதுங்கினார்கள். ஸைனெப் அம்மாள் வந்து பார்த்துவிட்டு, "இதென்னப்பா படம்? நான் கேக்கவே இல்லையே?" என்றார்.

கூபான் சும்மா இருக்கக் கூடாதா? "அக்கா, இது எங்க கையெழுத்து. பெரிய மேஸ்திரிங்க எல்லாம் வீட்டுல கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவாங்க" என்றான்.

"அப்படியா! எந்தக் கையால போட்டீங்க?" என்றார் அந்த அம்மாள். என் மானம் காற்றில் போயிற்று.

தரைக்கு ஓடு பதிக்கும் இசாவுக்கு முழங்கால் இரண்டும் முதல் அறையிலேயே போய்விட்டது. இரட்டைத் துணி என்றீர்களே, அந்த இரண்டாவது துணி எங்கே போயிற்று என்று நானும் அவனும் தேடித் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. பாவம் பார்த்து பெர்மெத் பழைய கம்பளி விரிப்பு ஒன்றை வெட்டி முழங்காலுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தாள். விரிப்பில் கிடாக்கொம்புச் சித்திரம் இருந்ததா, ஒவ்வொரு முழங்காலிலும் ஒரு ஜோடிக் கொம்பு வந்துவிட்டது. அவன் தவழ்ந்து தவழ்ந்து ஓடு பதிக்கும்போது, "மேஸ்திரி, இசா முட்ட வர்றான், ஒதுங்குங்க" என்று சமத் கூரையிலிருந்து கத்துவான். பெர்மெத் இந்த விஷயத்தில் மிகவும் ஒத்தாசையாக இருக்கிறாள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். கிழிசலைக் கொண்டுவந்தால் வாய் திறக்காமல் வாங்கித் தைக்கிறாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் வாய் திறக்காமல் வாங்கிய சாமான் இது ஒன்றுதான். அன்றைக்கு மைரா அந்தக் கிழிசலைக் கையில் எடுத்துப் பார்த்து, "மாமா, இது வந்து..." என்று ஏதோ தொடங்கினாள். பெர்மெத் உடனே, "அடுப்புல பால் பொங்குது, ஓடு" என்றாள். அடுப்பில் பாலே இல்லை. அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் பெண் மனசு கஷ்டப்படுமே என்று மாமியாருக்கு அவ்வளவு கரிசனம்.

குற்றம் எங்கள் பக்கம் இருக்குமோ என்றும் பார்த்துவிடலாம் என்று ஒரு சோதனை வைத்தேன். அதுதான் பெரிய வினையாகப் போயிற்று. தங்கள் கால்சட்டை ஒன்றில் மணலை நிரப்பி, அடியில் பூட்ஸ் இரண்டையும் கட்டி, எத்தனை நேரம் தையல் தாங்குகிறது என்று பார்க்கக் கட்டிடத்து வாசலில் கிடத்தினேன். மழை வந்தது. மேலே தார்ப்பாயைப் போட்டுவிட்டு நாங்கள் உள்ளே சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். பூட்ஸ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தெருவோடு போன ஒரு பெரியவர் அதைப் பார்த்தார். நம் ஊர் வழக்கம் தங்களுக்குத் தெரியுமே, இழவு வீட்டுக்குத் தெருமுனையிலிருந்தே வாய்விட்டு அழுதுகொண்டுதான் வர வேண்டும். அவர் "ஐயோ என் தம்பீ, என்னை விட்டுப் போனியே" என்று ஓலமிட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவரைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர், அவரைப் பார்த்துக் குதிரையில் போனவர்கள் என்று வாசல் நிறைய ஆம்பிளைகள் அழுகிறார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்களும், யாரோ போய்விட்டார்கள் போல என்று எழுந்து வந்து கூடவே அழுதோம். நான் நன்றாகவே அழுதேன். கடைசியில் கூபான்தான் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "மேஸ்திரி, செத்தது யாரு?" என்று கேட்டான். தார்ப்பாயை விலக்கினால் தையல் விட்டு மணல் எல்லாம் வெளியே கிடக்கிறது. அழ வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியுமா? ஸைனெப் அம்மாள் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்து, டீ போட்டு, அத்தனை பேருக்கும் கொடுத்து அனுப்பினார். சாப்பிட்டவர்கள் பழக்க தோஷத்தில் கால்சட்டைக்காகக் கையேந்தி துவாவும் செய்துவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ஆட்கள் மூவரும் என் முன்னால் வந்து நின்றார்கள். சமத்தான் பேசினான். "மேஸ்திரி, உங்க சொந்தம் உங்களுக்குப் பெரிசு, அதுல தப்பில்ல. ஆனா எங்க பொண்டாட்டிங்க எங்களப் பாத்துச் சிரிக்கிறாளுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு உங்க சம்பந்திகிட்டச் சொல்லுங்க, இல்லேன்னா நாங்க பழைய கோட்டைப் போட்டுக்கிட்டு நாரின் ரோட்டு வேலைக்குப் போறோம்" என்றான். மலை உச்சியில் ஏற்கெனவே வெள்ளை தெரிகிறது சம்பந்தி. இவர்கள் போனால் ஸைனெப் அம்மாள் பனிக்காலம் முழுக்கப் பாதிக் கூரை வீட்டில் குடை பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். இவர்களை நிறுத்த வேண்டுமென்றால் தங்கள் மனசை நான் நோகடிக்க வேண்டும். நான் எந்தப் பக்கம் போவேன், சொல்லுங்கள்.

ஆகவே தாழ்மையோடு கேட்டுக்கொள்வது. தாங்கள் வெள்ளிக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் போட்டோக்காரர் வேண்டாம். வந்தே தீருவேன் என்றால், சிரமம் பாராமல் புதிதாகத் தைத்துக்கொண்டு வாருங்கள். வெல்டருக்கு நல்ல கனத்த பருத்தியாக இருக்கட்டும். ஓடு பதிக்கிறவனுக்கு முழங்காலில் உண்மையாகவே இரண்டு துணி இருக்கட்டும். தச்சனுக்குக் கவட்டில் தனியாக ஒரு துண்டு வைத்து, காலை அகட்டி உட்கார்ந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள், சாயம் போகாததாகப் பாருங்கள். மீசை விஷயத்தை நான் யாரிடமும் ஞாபகப்படுத்த மாட்டேன். சபையில் இருந்தவர்களும் மறந்துவிட்டார்கள், ஸைனெப் அம்மாளைத் தவிர.

தங்கள் வீட்டுக் கதவு விருந்தினர் வரத்தால் தேயட்டும். தங்கள் ஊசி முனை மழுங்காமல் இருக்கட்டும். பேரன் பேத்திகள் தங்கள் மீசையைப் பிடித்து இழுத்து விளையாடும் காலம் வரட்டும். சம்பந்தியம்மாளுக்கு என் சலாம்.

இப்படிக்கு,
தங்கள் மேல் என்றும் மாறாத மரியாதையுள்ள
கல்முராத்

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையையும் எழுதாததாகக் கொள்ளவும். வேறு கடிதம் எழுத நேரமில்லை, பிஷ்கெக் போகும் வேன்காரன் வாசலில் ஹாரன் அடிக்கிறான். இதைக் கிழித்துப் போட்டுவிடலாம் என்றால், இந்த மாதம் கிழிந்தது போதும் என்று தோன்றுகிறது.

நேற்றே கடிதத்தை முடித்து மைராவிடம் உறை கேட்டேன். அவள் உறையோடு ஒரு கிழிசலையும் கொண்டுவந்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். "மாமா, எங்க அப்பா தச்சா இடுப்புப் பட்டையில செவப்பு நூல்ல கடைப் பேரு இருக்கும். இதுல எங்க இருக்கு, நீங்களே பாருங்க" என்றாள். நான் பெர்மெத்தைப் பார்த்தேன். பெர்மெத் கூரையைப் பார்த்தாள்.

"அடியே, சம்பந்தி குடுத்தது எங்கடி?"

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? அம்புட்டு நல்ல துணி, மடிப்புக் கலையாம நாடா கட்டிக் குடுத்திருக்காரு. அதக் கொண்டுபோய்ச் சிமெண்டுல பொரட்டச் சொல்றீங்களா? அது நாலு பேரு சபையில வைக்கிற சாமான். நீங்க கிழிக்கிறதுக்கு நான் சந்தையில வேற வாங்கினேன். நீலம் நீலந்தானே!"

அவள் அண்ணன் வீட்டுச் சுன்னத்துக்கு ஒன்று, தம்பி மாமனாருக்கு ஒன்று, நாரினில் சித்தி மகன் கல்யாணத்துக்கு ஒன்று, இன்னும் எங்கேயோ ஒன்று என்று தங்கள் கால்சட்டைகள் நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எங்குமே யாரும் நாடாவைப் பிரிக்கவில்லையாம். பெட்டியில் ஒன்று மட்டும் இருந்தது. அதைப் பிடுங்கி இன்று காலை சமத்துக்குக் கொடுத்தேன். கூரைத் தகரத்தில் உறைபனி. பயல் உச்சியிலிருந்து உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக்கொண்டே வந்து, ஓரத்தில் இருந்த கொக்கியில் தங்கள் சுத்தியல் காது மாட்டித் தலைகீழாகத் தொங்கினான். எனக்கு உயிரே போய்விட்டது. ஏணி வைத்து இறக்கும்வரை அந்தக் காதும் விடவில்லை, அவன் வாயும் ஓயவில்லை. "மேஸ்திரி, சம்பந்திக்குக் கடுதாசி போட்டுட்டீங்களா? போட்டுறாதீங்க!" என்று தொங்கிக்கொண்டே கத்துகிறான். கால்சட்டையில் ஒரு நூல் பிரியவில்லை. தகரத்தில்தான் கோடு விழுந்திருக்கிறது. தங்களுக்கு ஆயிரம் சலாம் சம்பந்தி, அவனுக்குச் சின்னச் சின்னப் பிள்ளைகள். ஆட்கள் யாரும் ரோட்டு வேலைக்குப் போகவில்லை. தங்கள் மீசைக்கு ஒரு குறையும் வராது.

இன்னும் ஒன்று, இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. இந்த ஒன்று மட்டும் எப்படி மிஞ்சியது என்று பெர்மெத்தைக் கேட்டேன். மிஞ்சியதில்லையாம். போன மாதம் சம்பந்தியம்மாள் மகளைப் பார்க்க வந்தபோது, "உங்க வீட்டுக்காரருக்குன்னே பிஷ்கெக் முழுக்கத் தேடி எடுத்தேன்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனதாம். பொட்டலத்தில் பெர்மெத் நாரினுக்குக் கட்டி அனுப்பிய அதே பச்சை நாடா, அவள் போடுகிற அதே இரட்டை முடிச்சு. நாரின் கல்யாணத்துக்குத் தாங்களும்தானே போயிருந்தீர்கள்? அங்கே தங்களுக்கு என்ன உடுப்புப் போட்டார்கள் என்று சம்பந்தியம்மாளைக் கேட்க வேண்டாம். நானும் இங்கே மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆயிரம் வருஷம் ஓட வேண்டிய உறவு.

வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள், போட்டோக்காரரும் வரட்டும். மூன்று பேரும் இந்த ஒன்றையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பரிசு ஏதும் கொண்டு வந்தால் மட்டும் வாசலிலேயே என் கையில் கொடுத்துவிடுங்கள். பெர்மெத் வருவதற்குள் நான் அங்கேயே போட்டுக்கொள்கிறேன்.