வத்தல் அய்யா பார்த்த சிவப்பு

ராமநாதபுரம் மாவட்டத்தில் விற்பனைக்கு வந்த எல்லா மானிட்டரையும் பார்த்து முடித்து, ஒன்றைக்கூட வாங்காமல் போன ஒரே மனிதர் எங்கள் வத்தல் அய்யாதான்.

அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு மிளகாய் கொண்டு வரும் அவர், மூட்டையை இறக்கிய கையோடு நேராக என் கடைக்கு வந்துவிடுவார். கழுத்தில் சிவப்புத் துண்டு. சட்டைப் பையில் ஒரு குண்டு மிளகாய் வத்தல். முதல் நாள் பூவும் கிளியுமாக ஒரு வீடியோவை ஓடவிட்டேன். அவர் வத்தலை எடுத்துத் திரையில் இருந்த ரோஜாவுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"செவப்பு எங்க தம்பி? இது செங்கல்லுல்ல."

சொன்னதோடு விட்டாரா? எது அசல் சிவப்பு என்று காட்டுவதற்காக வத்தலை ஒடித்தார். கீபோர்டு வாங்க வந்தவர் தும்மிக்கொண்டே வெளியே போனவர்தான், இன்னும் திரும்பவில்லை.

அவருக்குத் தேவை ஒரு மானிட்டர், ஆனால் மூன்று வேலை. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ஆபீஸ் வேலை பார்க்க வேண்டும். ஓய்வு நேரத்தில் அவளே கல்யாண போட்டோக்களுக்குக் கலர் திருத்துவாளாம், அதற்கும் ஆக வேண்டும். மாப்பிள்ளை கேம் விளையாடாமல் ஒரு நாள் இருக்கமாட்டாராம், அதற்கும் ஆக வேண்டும். பெரிய மானிட்டர் மட்டும் ஊரில் இருந்தால் மாதக் கணக்கில் வந்து தங்கி அங்கிருந்தே வேலை பார்ப்பேன் என்று மகள் எப்போதோ போனில் சொல்லியிருக்கிறாள். பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

கேமுக்கு என்று நல்லதாக ஒன்றைக் காட்டினேன். "நொடிக்கு நூத்தி நாப்பத்து நாலு தடவ படம் மாறும் அய்யா."

"எதுக்கு அம்புட்டு அவசரம்? எங்கூருல கரண்டே அம்புட்டுத் தடவ போயிட்டு வருது."

வளைந்த திரையைக் காட்டினால், "வளைஞ்சுபோச்சே தம்பி, வெயில்ல வச்சிட்டியளா?" என்றார். பளபளப்பான திரையில் குனிந்து பார்த்துவிட்டு, "இதுல என் மூஞ்சிதேன் தெரியுது. என்னயப் பாக்கவா அவுக வாராக?" என்றார். ஒரு நாள் கார் பந்தய விளையாட்டைப் போட்டுக் கையில் கொடுத்தேன். பின்னால் வந்த கார் அத்தனைக்கும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டுக் கடைசியாக வந்து சேர்ந்தார். "போறவன் போகட்டும். அவனுக்கு என்ன அவசரமோ" என்று எழுந்துகொண்டார்.

இப்படியே இரண்டு மூன்று வருடம் போனது. பொங்கலுக்கு வருகிறார்கள் என்பார். பிறகு அது பங்குனித் திருவிழாவுக்குத் தள்ளிப்போகும், அங்கிருந்து தீபாவளிக்கு. தேதி தள்ளிப்போகும்போதெல்லாம் மானிட்டரில் புதிதாக ஒரு குறை கண்டுபிடிப்பார். எந்த மாடலைப் பார்த்தாலும் கிளம்பும் முன் மூலையில் இருக்கும் இருபத்தேழு இஞ்ச் மானிட்டருக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். முதல் நாளே அவருக்கு அது பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் நான் பொறுமை இழந்தேன். "அய்யா, இதத்தானே சுத்திச் சுத்தி வாரிய. கட்டித் தந்துறவா?"

வத்தலை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"வாங்கிறலாம் தம்பி. வாங்குன பெறகும் வரலைன்னா? இப்பயாச்சும் மானிட்டரு இல்ல, அதேன் மக வரலைன்னு ஊருல சொல்லிக்கிட்டு இருக்கேன். எனக்கும் அதயேதேன் சொல்லிக்கிறேன். வாங்கிப்புட்டா என்னத்தச் சொல்றது?"

இரண்டு பேருக்கும் டீ சொல்லியனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் வரும்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு, "இந்த மாடல் சரியில்லைங்கய்யா, அடுத்தது வரட்டும்" என்று சொல்லிவிடுவேன். கடன் வாங்கிக் கடை நடத்துகிறவன் பேசுகிற பேச்சா அது? ஆனால் அவர் முகம் தெளிந்துவிடும்.

மழைக்காலத்தில் கொஞ்ச நாளாக ஆளைக் காணோம். மூலை மானிட்டரை யார் கேட்டாலும் விற்றாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு பெண் போன் செய்தாள்.

"அண்ணே, நான் மொளகா வெள்ளாம பாக்குற சம்சாரி மக பேசுறேன். அய்யா தவறிட்டாக. கருமாதி வரைக்கும் இங்கனதேன் இருக்கேன். மானிட்டரு உங்ககிட்டதேன் பாக்குறேன்னு சொல்லுவாக. ஒண்ணு கொண்டாந்து தர முடியுமா? அய்யா படத்தப் பெருசாப் போடணும், லேப்டாப்புல கலர் சரியாத் தெரியல."

மூலையில் இருந்ததை நானே வண்டியில் கட்டிக்கொண்டு போனேன்.

அந்த வீட்டில் ஒரு அறையைப் பார்த்தேன். புது மேஜை, வரிசையாக பிளக் பாயிண்ட், சுவரோரம் இன்வெர்ட்டர், நெட் கேபிள், பாலிதீன் உறை பிரிக்காத இரண்டு நாற்காலி. மேஜைக்கு நடுவில் மட்டும் காலியாக இடம் விட்டிருந்தது. கொண்டு போனதை அங்கே வைத்தேன். சரியாகப் பொருந்தியது.

மகள் படத்தைத் திறந்தாள். சிவப்புத் துண்டோடு திரை நிறைய அய்யா.

"எம்புட்டு நாளாப் பாத்தாகளே, இதுல என்ன கொறைன்னாக அண்ணே?"

முதல் நாள் அவர் சொன்ன குறையையே எடுத்துவிட்டேன். "செவப்பு சரியில்லைன்னாரும்மா."

அவள் எழுந்து போய் மூலையில் இருந்த சாக்கிலிருந்து ஒரு வத்தலை எடுத்து வந்தாள். அப்பன் பிடித்த அதே பிடி. திரையில் இருந்த துண்டுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"சரியாத்தானே அண்ணே இருக்கு."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அந்த மேஜையில் ஒரு நாள்கூட உட்கார்ந்திருக்க முடியாது.

"அய்யாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்மா" என்றேன்.

பொய். சிவப்பை அவரைப் போலப் பார்க்கத் தெரிந்த கண்ணை இந்த ஜில்லாவில் நான் பார்த்ததே இல்லை.