நடை 2.4 கி.மீ., மனம் அமைதி

குடை மூன்றாவது முறையாகக் காற்றில் மேல்நோக்கி விரிந்தபோது ரசலையன் அதை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலக்கையில் சங்கிலியும் இடக்கையில் கைபேசியுமாகச் பாசனச் சானல்கரை நடைபாலத்தில் நின்றார். சங்கிலியின் மறுமுனையில் சூசி நான்கு கால்களையும் ஊன்றி, வீடு இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றது.

"இஞ்ச பாரு. சூசி, இஞ்ச."

நாய் பார்க்கவில்லை. அப்படியே படம் எடுத்தார்.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள். வெயிலடிக்கும் நாளில் இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஐப்பசி மழை கொட்டி, முருங்கை முறிந்து மின்கம்பியில் சாய்ந்து, கரண்டு போய், பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு, பால்காரரே வராமல் ஊர் போர்வைக்குள் கிடக்கும் காலையில், தெருவின் நடுவில் ஒரு நாயோடு தோன்றுவார்கள். மழையில் நாயோடு நடந்தால் ஒழுக்கம் வரும் என்பார்கள். மனம் அடங்கும் என்பார்கள். நாயிடம் யாரும் கேட்டதில்லை.

திரும்பும் வழியில் முக்குச் சாயாக்கடைக் கமருதீன் நாயைக் காட்டி வழக்கம்போல் ஒரு வார்த்தை சொன்னார்.

"சாரே, இந்த மழையில பட்டிகூட வெளிய எறங்காது."

"எறங்காதுன்னா எறக்கணும். அதுக்குப் பேருதான் ஒழுக்கம்."

"ஒழுக்கம் பட்டிக்கா, சாருக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"அது ஒம்மள வீட்டுக்கு இழுக்குது. அத மட்டும் பாத்துக்கிடும்."

ரசலையன் நில அளவைத் துறையில் முப்பத்தொரு வருடம் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்றபின் அளக்க நிலம் இல்லாததால் மழையை அளந்தார். மொட்டை மாடியில் ஊறுகாய் பாட்டில் ஒன்றை வைத்து, அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் அடிக்கோலை ஒட்டியிருந்தார். வீட்டுக்கு வந்து தலை துவட்டும் முன்பே தெருவின் வாட்ஸப் குழுவுக்குப் படம் போகும். கீழே ஒரே மாதிரியான வாசகம்: மழை 6 செ.மீ. நடை 2.4 கி.மீ. மனம் அமைதி. அமைதிக்கு மட்டும் அலகு போடுவதில்லை. பத்துப் பதினோரு பேர் கும்பிடும் கை போடுவார்கள். ரசலையன் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போவார். அவர் தேடுவது ஒரே ஒரு பெயரை.

மகள் ஜாஸ்மி அயர்லாந்தில் செவிலி. போகும்போது நாயை அப்பாவிடம் விட்டுப் போனாள். ஊரை விட்டுப் போகிறவர்கள் தெருக் குழுவை விட்டுப் போவதில்லை. அவளும் அதில் இருந்தாள். ஆனால் அங்கே இரட்டைப் பணி, தூக்கம், மறுபடி பணி. வாரக்கணக்கில் பேச்சு இருக்காது. சித்திரை வெயிலில் சூசி மாமரத்தடியில் படுத்திருக்கும் படங்களாக ரசலையன் இருபதுக்கு மேல் அனுப்பினார். நீல நிறக் குறிகள் வந்தன, அவளிடமிருந்து வேறொன்றும் வரவில்லை. ஆனியில் முதல் சாரலில் நனைந்த சூசியை அனுப்பினார். ஒரே நிமிடத்தில் மூன்று வரி வந்தது. ஐயோ சூசி. நல்லா துவட்டி விடுங்கப்பா. நீங்களும் நனையாதிய.

அன்று முதல் ரசலையனுக்கு மழையில் ஒழுக்கம் பிறந்தது.

பாலத்தில் படம் எடுத்த மறுநாள் சிவப்பு எச்சரிக்கை. காலை ஐந்தரைக்குச் சூசி கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகப் போய்விட்டது. கூப்பிட்டார். பிஸ்கட் காட்டினார். சங்கிலியைக் குலுக்கினார். சூசி பல்லைக் காட்டியது. கோபமாக அல்ல, ஒரு தகவலாக.

"அது வராது," என்றாள் குளோரி, அடுக்களையிலிருந்து. முப்பத்தாறு வருட மனைவி. "அதுக்கு உள்ள வெவரம் ஒங்களுக்கு இல்ல."

ரசலையன் தனியாக வெளிவாசல்வரை போனார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முந்தைய நாள் எடுத்த படத்தையே போட்டார். மழை 11 செ.மீ. நடை 2.4 கி.மீ. மனம் அமைதி.

ஏழு நிமிடம் கழித்து மூன்றாம் வீட்டு சஃப்னா தன் மொட்டை மாடியிலிருந்து எடுத்த வீடியோவைப் போட்டாள். சானலும் கரையும் ஒன்றாகிக் கலங்கல் தண்ணீர் ஓடியது. நடைபாலம் இல்லை. அடுத்து கமருதீனின் குரல்பதிவு: "சாரே, அந்தப் பாலத்த எங்க வச்சு போட்டோ புடிச்சீரு? இஞ்ச பாலத்தக் காணல."

பதில் சொல்லுமுன் போன் அடித்தது. பணிச் சீருடையில், இடைவேளையில், ஜாஸ்மி.

"அப்பா, எங்க நிக்கிய? வெள்ளத்துலயா நிக்கிய?" குரல் உடைந்திருந்தது. "சூசி எங்க?"

கரையில் நிற்கிறேன் என்றால் ஒழுக்கம் பிழைக்கும், மகள் அழுவாள். வீட்டில் இருக்கிறேன் என்றால் ஊர் சிரிக்கும். மகளும் இனி எந்தப் படத்தையும் நம்பமாட்டாள். ரசலையன் குனிந்து கேமராவைக் கட்டிலுக்கு அடியில் திருப்பினார். சூசி கொட்டாவி விட்டது.

"அப்பம் அந்தப் படம்?"

"நேத்து உள்ளது."

"நேத்து உள்ளத இன்னைக்கி எதுக்குப் போட்டிய?"

"நீ பாப்பல்லா."

ரசலையன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மழை இல்லாத அன்னைக்குப் போட்டா நீ ஒண்ணும் எழுதமாட்ட, மக்களே."

"ஏ ஜாஸ்மி," என்று குளோரி எட்டிப் பார்த்தாள். "இவருக்கு மழையும் வேண்டாம், பட்டியும் வேண்டாம். நீ ஒரு போன் அடி. மனுசன் வீட்டுல கெடப்பாரு."

அந்த அழைப்பு இருபத்திரண்டு நிமிடம் நீண்டது. குழுவுக்குப் பதில் எழுத அவருக்கு நினைவு வரவில்லை.

நீங்கள் நாய் வளர்ப்பவர் அல்ல, தெரியும். மழையில் நனைபவரும் அல்ல. ஆனால் இன்று காலை ஏதோ ஒரு படம் போட்டீர்கள். தோட்டத்துச் செம்பருத்தி, கோவில் கோபுரம், இரண்டு இட்லி, ஏதோ ஒன்று. போட்டுவிட்டு, யார் பார்த்தார்கள் என்று விரலால் தள்ளிக்கொண்டே போனீர்கள். எந்தப் பெயரில் விரல் நின்றது?

மறுநாள் மழை விட்டது. மதியத்துக்குள் நடைபாலம் வெளியே தெரிந்தது. ஒரு பக்கக் கைப்பிடி போயிருந்தது. சூசி தானாக வாசலுக்கு வந்தது. இருவரும் சானல்கரைவரை போய் வந்தார்கள். ரசலையன் படம் எடுக்கவில்லை. மாலை ஆறரைக்கு ஜாஸ்மி கூப்பிட்டாள். நான்கு நிமிடம் பேசினாள். அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். அப்பாவின் முட்டுவலியைக் கேட்டாள். நாயைப் பற்றிக் கேட்கவில்லை.