முட்டை வேண்டாம், ஓடு மட்டும்

நத்தைக்கு நரம்பு உண்டு, அந்த நரம்புக்குள் ஒரு நியாயமும் உண்டு என்று கபாலி சன்னதியில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யக்கூடிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் அபிராமபுரத்து வீட்டு மாடியில் குடியிருந்தார். பெயர் என்னவோ நீளமாக இருந்தது. தெருவுக்கு அவர் நத்தை சார்.

அவர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நான் மாடவீதிப் பக்கம் விபூதி, கற்பூரம் விற்கிறவன். வீட்டில் முட்டை வாசனைகூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் மாடியை வாடகைக்கு விட்டேன். தலையாட்டிவிட்டு வந்தவர், அந்த வாரமே மாடிப்படியில் ஒரு பை முட்டை ஓட்டோடு எதிரே வந்தார். என் மனைவி "சிவசிவா" என்று காதைப் பொத்திக்கொண்டாள். பொத்த வேண்டியது மூக்கை.

"நாங்க சாப்பிடல சார். இது மேல இருக்கறவங்களுக்கு."

மேலே யார் என்று பதறி ஏறினேன். பால்கனி முழுக்கப் பிளாஸ்டிக் தொட்டிகள், தொட்டி நிறைய நத்தைகள். ஆம்லெட் வண்டியில் கெஞ்சி வாங்கிய ஓட்டைக் கழுவி, காயவைத்து, மாவாக நுணுக்கி, நான் விபூதி பூசுகிற பக்தியோடு தூவிக்கொண்டிருந்தார். நத்தை ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமாம்.

ஒரு மழைநாளில் கிழட்டு நத்தை ஒன்று தெருவுக்குப் போய்விட, அது கடந்து முடிகிறவரை கையை விரித்து வண்டிகளை மறித்து நின்றார். ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "இன்னா சார், சாமி ஊர்வலமா?" என்று கேட்டார். "வயசானவர், மெதுவாத்தான் வருவார்" என்று பதில் வந்தது.

எட்டாம் வகுப்பைத் தாண்டாத எனக்கும் ஒருநாள் விளக்கினார். நரம்பு பேசும்போது அதற்குள் கால்சியம் புகுமாம். புகாவிட்டால் பேச்சில்லை. அளவு மீறிப் புகுந்தால் நரம்பே செத்துவிடும். வருகிறதைப் பிடித்துவைத்து நிதானமாக விடுவதற்கென்று சில புரதங்கள் உள்ளே இருக்கின்றனவாம். அறுபத்துமூவர் உற்சவம் அன்றைக்கு மாடவீதியில் கூட்டத்தை மடக்கக் கயிறு பிடித்து நிற்கிறார்களே, அப்படியா என்றேன். அதேதான் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நத்தைக்கு நரம்பணுக்கள் பெரியவை, பார்ப்பது சுலபம். வயதாக ஆகக் கயிறு பிடிக்கும் கை தளருமா என்று பார்க்கத்தான் முட்டையிலிருந்து வருஷக்கணக்காக வளர்த்தார்.

ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்கவில்லை. காரணம் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவி மீனாட்சியம்மாவுக்கு எல்லாம் மறந்துகொண்டே வந்தது. காலையில் எழுந்ததும் கணவரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்பார்.

"நத்தை வளர்க்கறவன்."

"அப்போ சரி" என்று காபியை வாங்கிக்கொள்வார். கல்யாணம், ஊர், பெயர் எல்லாம் போய், அவரைப் பிடித்துக்கொள்ள அந்த அம்மாவிடம் மிஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான். உங்க நத்தைகளால் மறதிக்கு மருந்து வருமா என்று என் மனைவி கேட்டபோது, "தெரியலம்மா. தெரியாதுன்னு சொல்றதுக்கும் பார்த்துத்தானே ஆகணும்" என்றார்.

போன சித்திரை வெயிலில் நத்தைகள் சோர்ந்து கிடந்தன. அவர் வெளியே போயிருந்த மாலையில் மீனாட்சியம்மா சமையலறைக்குப் போய்க் கை நிறையக் கல்லுப்பு எடுத்தார். "கொழந்தைங்களுக்குக் கண்ணு பட்டிருக்கு" என்று ஒவ்வொரு தொட்டியையும் சுற்றித் திருஷ்டி கழித்தார். கழித்த உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்பது மட்டும் மறந்துவிட்டது. தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டார்.

உப்புப் பட்ட நத்தை பிழைக்காது.

திரும்பி வந்தவர் தொட்டிகளைப் பார்த்தபடி நின்றார். சத்தம் வரும் என்று நாங்கள் மாடிப்படியிலேயே நின்றுவிட்டோம். "திருஷ்டி போயிடுச்சு மீனா. தூங்குதுங்க" என்று மட்டும் சொல்லி, அந்த அம்மாவின் கையிலிருந்த உப்பைத் துடைத்துவிட்டார்.

மறுநாள் காலை மாடியிலிருந்து வழக்கமான கேள்வி கேட்டது. வழக்கமான பதிலும் கேட்டது. பிறகு, "நத்தையைக் காணோமே? பொய் சொல்றீங்க. யாரு நீங்க?" என்று அந்த அம்மா அழ ஆரம்பித்தார்.

நான் பூஜையைப் பாதியில் விட்டு எழுந்தேன். என் மனைவி செம்பருத்திச் செடி அடியில் தேடினாள், நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தவழ்ந்தேன். என்றைக்கோ தப்பிப் போன ஒன்று அங்கே சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறந்தது முதல் எறும்பைத் தவிர எந்த ஜந்துவையும் தொடாத கையில் அதை ஏந்திக்கொண்டு படியேறினேன்.

மீனாட்சியம்மா அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "அப்போ சரி" என்றார்.

"ஆராய்ச்சிக்கு இது போதுமா சார்?" என்றேன்.

"ஒண்ண வெச்சு ஆராய்ச்சி பண்ண முடியாது. வளர்க்கலாம்" என்றார்.

மார்கழியில் அந்த அம்மா ஈசனடி சேர்ந்தார். காலையில் நத்தை சாரை யாரென்று கேட்க ஆளில்லாமல் போனது. தை பிறந்ததும் தங்கை வீட்டுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். அந்த ஒற்றை நத்தை இருந்த தொட்டியை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமலே போனார்.

போன வாரம், நெற்றி நிறைய விபூதியோடு அந்த ஆம்லெட் வண்டி முன்னால் போய் நின்றேன். முட்டை வேண்டாம், ஓடு மட்டும் கொடு என்றேன். வண்டிக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சாமி, வழி தப்பி வந்துட்டியா? யாரு நீ?"

கடைப் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"நத்தை வளர்க்கறவன்பா" என்று வந்தது.